மணல் போன வழி

இங்கிலாந்துக்குப் பள்ளிக்கூடம் நடத்தக் கற்றுக்கொடுத்தது சென்னைதான் என்று சொல்லிக்கொள்வதில் நமக்கொரு திருப்தி உண்டு. 1983இல் தரம்பாலின் நூல் வெளிவந்த பிறகு அந்தத் திருப்தி கொஞ்சம் ஊதியும்விட்டது. இங்கிருந்து போனது எது என்ற கேள்வியை மட்டும் யாரும் அதிகம் கேட்பதில்லை.

எழும்பூரில் ராணுவ அநாதைச் சிறுவர் விடுதியை 1789 முதல் நடத்தியவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். பையன்களில் பெரும்பாலோர் ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் உள்நாட்டுப் பெண்களுக்கும் பிறந்தவர்கள். தாய்மாரின் செல்வாக்கிலிருந்து அவர்களை மீட்பதுதான் கல்வி என்பது பெல்லின் எண்ணம். குதிரையில் போகும்போது ஒரு 'மலபார்' பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். (அன்றைய சென்னை ஆங்கிலேயருக்கு மலபார் என்றால் தமிழர்.) இதைச் செய்யச் சொன்னபோது அவருடைய உதவி ஆசிரியர்கள் முரண்டு பிடித்தார்கள். அரிச்சுவடி வகுப்பை ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுச் சிப்பாய் மகனிடம் ஒப்படைத்தார், அவன் நடத்திக்காட்டினான். எந்தத் தாய்மாரிடமிருந்து பிரித்தாரோ, அவர்களுடைய தெருவிலிருந்தே முறையும் வந்தது.

திண்ணையில் மணல் முதல் படி மட்டுமே. எழுத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே விரல் ஓட வேண்டும். பிறகு ஓலை, எழுத்தாணி, எண்சுவடி, நிகண்டு. சட்டாம்பிள்ளை வாத்தியாரின் அதிகாரத்தில் பாதிப் பங்காளி. இதைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. மன்றோ 1822இல் கேட்ட கணக்கின்படி ராஜதானியில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அவர்களில் பெண்கள் 4,540. மணல் எல்லாத் தெருவிலும் கிடந்தது, திண்ணை அப்படியல்ல.

பெல் 1797இல் லண்டனில் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். மறு ஆண்டு அங்கே ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டர், ஒரே ஆசிரியர் ஆயிரம் பேருக்குக் கற்பிக்கலாம் என்றார். காகிதமும் மையும் மிச்சம், சம்பளமும் மிச்சம். மணல் மேஜை, ஸ்லேட்டு, உத்தரவுக்குக் கை தூக்கும் வரிசைகள். திண்ணையில் வறுமையும் வழக்கமுமாக இருந்தது அங்கே திட்டமாயிற்று. 1811இல் திருச்சபையின் ஆதரவில் நேஷனல் சொசைட்டி தோன்றி, பெல்லின் முறையில் நாடு முழுவதும் பள்ளிகளைத் திறந்தது. முறையைக் கண்டுபிடித்தது யார் என்று பெல் கட்சியும் லங்காஸ்டர் கட்சியும் வருஷக்கணக்காகச் சண்டையிட்டன. மணல் பரப்பிய தமிழ் வாத்தியார் அந்த வழக்கில் வாதியுமல்ல, சாட்சியுமல்ல.

பின்னாளில் இங்கே தேர்ச்சிக்கு ஏற்ற மானியம் வந்தது, இன்ஸ்பெக்டரும் வந்தார். மணலைத் தள்ளிவிட்டு ஸ்லேட்டு திண்ணைக்கு ஏறியது. மனப்பாடம் நம்முடைய பிறவி நோய் என்று சொல்லப்பட்டதும் அந்தக் காலத்தில்தான்.

பெல் 1832இல் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவருக்குள்ள கல்வெட்டு அவரைச் சென்னை முறையின் கர்த்தா என்கிறது. அம்முறையை விளக்க அதில் பொறித்திருப்பவை சக்தியைப் பெருக்குதல், உழைப்பைப் பங்கிடுதல் என்ற தொழிற்சாலைச் சொற்கள்.