வேடந்தாங்கல் கவுல்



சரணாலயங்களில் கட்டணம் ஏறுகிறது, சாமானியர் எப்படிப் போவது என்று பேச்சு வந்தால் எனக்கு வேடந்தாங்கல்தான் நினைவுக்கு வரும்.

அங்கே பறவைகளை முதலில் காத்தது அரசு அல்ல, ஏரிப் பாசனத்தில் நெல் விளைவித்த ஊரார். நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டும் நாரை, பாம்புத்தாரா, கூழைக்கடா இவற்றின் எச்சம் ஏரியில் விழும். அந்தத் தண்ணீர் பாய்ந்தால் வயலுக்கு எருவும் சேர்ந்து பாய்ந்த மாதிரி. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டு, 1798-ல் கவுல் வாங்கினார்கள். (கவுல் என்றால் அரசு எழுதிக் கொடுக்கும் உறுதிப் பத்திரம்.) 1858-ல் அதைப் புதுப்பித்தும் கொண்டார்கள். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்கா 1872-ல்தான் வந்தது. அங்கே பூர்வகுடிகளை வெளியேற்றினார்கள். இங்கே குடிகளே காவல்.

இன்றும் ஜீப் சவாரி, சொகுசு விடுதி எதுவும் இல்லாமல், பஸ்ஸில் போனவரும் கரையில் நடந்தே பறவைகளைப் பார்த்துவிடலாம். காவலுக்கும் கழிப்பறைக்கும் பணம் வேண்டும், சீட்டே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிறார்களே அந்த ஊர்ப் பிள்ளைகள், அதை எந்தச் சீட்டில் வரவு வைப்பது? விலையை ஏற்ற நினைப்பவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும்.

கார்த்திகை முதல் மாசி வரை போகலாம். ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். மழை பொய்த்த ஆண்டில் பறவைகள் குறைவு.