ஆர் நதியின் மூன்று வெள்ளங்கள்

மேற்கு ஜெர்மனியில் திராட்சைத் தோட்டங்களுக்கிடையே வளைந்தோடி, சின்சிக் நகரருகே ரைன் நதியில் கலக்கும் சிற்றாறு ஆர். அமைதியான அந்த ஆறு 1804 ஜூலையில் 63 உயிர்களையும், 1910 ஜூனில் 52 உயிர்களையும் பலிகொண்டது. 1910இல் மாண்டோருள் பலர், இருப்புப்பாதை அமைக்க வந்து ஆற்றோரக் கொட்டகைகளில் தங்கியிருந்த கூலித் தொழிலாளர். தாழ்ந்த இடத்தில் உறங்கியோரையே ஆறு முதலில் வாரிச் சென்றது.

மூன்றாம் வெள்ளம் 2021 ஜூலை 14 அன்று இரவு வந்தது. காற்று ஒரு டிகிரி வெப்பமடைந்தால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலாக நீராவியைத் தாங்கும். அந்தப் பெருமழையின் கடுமையைப் புவி வெப்பமாதல் 3 முதல் 19 விழுக்காடு வரை கூட்டியிருக்கும் என்பது அறிவியலார் கணிப்பு. ஆர் பள்ளத்தாக்கில் 130க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அவர்களுள் 12 பேர், சின்சிக் நகரில் அறிவுசார் குறைபாடுடையோர் வாழ்ந்த இல்லமொன்றின் தரைத்தளத்தில் இருந்தவர்கள்.

அவ்வில்லத்தை நடத்திய 'லேபன்ஸ்ஹில்ஃபே' சங்கம், 1958இல் மார்பர்க் நகரில் இத்தகைய பிள்ளைகளின் பெற்றோர் முன்னின்று தொடங்கியது. அதற்கு இரு பத்தாண்டுகளுக்குள்தான் அதே நாட்டின் நாஜி அரசு ஊனமுற்றோரை வாழத் தகுதியற்றோர் என்று தேடிக் கொன்றிருந்தது. மியூன்ஸ்டர் ஆயர் வான் காலன் 1941இல் மறையுரை மேடையில் நின்று அதைக் கண்டித்ததை நம்முள் பலர் அறிவர். அத்தகைய மண்ணில் எழுந்த அடைக்கலம் இது.

மேற்பகுதி ஊர்களில் மாலையிலேயே வீடுகள் மூழ்கின. சின்சிக்கை வெள்ளம் எட்டியதோ நள்ளிரவு கடந்து. இடையே பல மணி நேரம் இருந்தது! மாவட்ட நிர்வாகமோ இரவு 11 மணிக்குப் பின்னரே, ஆற்றின் இருமருங்கும் 50 மீட்டருக்குள் இருப்போர் வெளியேறுமாறு அறிவித்தது. இல்லம் அவ்வெல்லைக்கு அப்பால் இருந்தது. இரவுப் பணியில் ஒருவரே இருந்தார். அவர் சிலரை மேல்தளத்திற்கு அழைத்துச் சென்றார். எஞ்சியோரை அழைக்கத் திரும்புமுன் நீர் வழியை அடைத்துவிட்டது. ஓடக்கூடியவருக்குச் சில நிமிட எச்சரிக்கை போதும். கைபிடித்து எழுப்பி, புரியவைத்து, படியேற்ற வேண்டியவருக்கு அது போதாது. எச்சரிக்கை முறையை வகுத்தோர் இந்த வேற்றுமையைக் கணக்கில் கொள்ளவில்லை என்றே கருத வேண்டியுள்ளது.

கணக்கில் விடுபட்டது அது ஒன்றுமன்று. வெள்ள அபாய வரைபடங்களுக்கு அடிப்படையான அளவீடுகள் 1947இல்தான் தொடங்குகின்றன. பழைய நீர்மட்டக் குறிகளைக் கொண்டு 1804 வெள்ளத்தின் அளவைப் பான் பல்கலைக்கழக ஆய்வாளர் முன்பே கணித்து வெளியிட்டிருந்தும், வரைபடங்களில் அது இடம்பெறவில்லை.

அன்றைய மாவட்டத் தலைவர் மீதான குற்றவியல் விசாரணையைக் கோப்ளென்ஸ் அரசு வழக்குரைஞர்கள் 2024 ஏப்ரலில் கைவிட்டனர். உரிய நேரத்தில் எச்சரித்திருந்தால் இன்னார் பிழைத்திருப்பார் என்று ஐயமற நிறுவ இயலவில்லை என்பது அவர்கள் கூறிய காரணம்.