லயத்துச் சுவரின் காகிதங்கள்

சென்ற மாதம் கனடாவிலுள்ள உறவினர் ஒருவர் தொலைபேசியில் ஆலோசனை கேட்டார். ஸ்காபரோவில் வாங்கிய பழைய வீட்டின் சுவர்க்காகிதத்தை உரித்துவிட்டு வர்ணம் பூச வேண்டுமாம். அங்குள்ள சுவர் கல்லுமன்று, மண்ணுமன்று, ஜிப்சம் பலகை. அதன் மேற்றோலே காகிதம்தான். நீரை அளவின்றித் தெளித்தால் சுவரே நைந்துவிடும் என்றேன். பலகையைப் பற்றி நான் வாசித்தறிந்ததோடு சரி. காகிதம் உரிக்கும் வித்தையைப் பசறைப் பக்கத்து லயம் ஒன்றில், பத்து வயதில் கற்றேன்.

ஊவாவின் தோட்டங்களில் வெள்ளைக்காரர் எழுப்பிய லயங்களில் ஒரு குடும்பத்துக்குரிய காம்பரா பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. சமையலும் உறக்கமும் அதற்குள்ளேயே. ஈர விறகின் புகை சுவரைக் கரியாக்கும். வெடிப்புகளின் வழியே நமுனுகுலையின் குளிர்காற்று நுழையும். இரண்டுக்கும் மருந்து பழைய பத்திரிகைகளே. கோதுமை மாவைக் காய்ச்சிய பசை. கரப்பான் அரிக்காதிருக்கச் சிறிது துரிசு.

பெ. பெரி. சுப்பிரமணியம் செட்டியார் 1930 ஆகஸ்ட் 6இல் தொடங்கிய வீரகேசரியும், 1932இல் வந்த தினகரனும் மலைநாட்டை எட்டப் புகையிரதம் துணைநின்றது. பதுளைக்கு அது 1924இலேயே வந்துவிட்டது. கணக்கப்பிள்ளையும் கடைக்காரரும் வாசித்து முடித்த தாள்கள் லயத்துச் சுவரில் இரண்டாம் ஆயுள் பெற்றன. பத்திரிகைக்கு ஒரு நாளே வாழ்வு என்பார்கள் எம் தொழிலில். பிற்காலத்தில் நான் எழுதிய செய்தியொன்றை ஒரு காம்பராவில் தலைகீழாக ஒட்டப்பட்டிருக்கக் கண்டேன். அதைவிட நீண்ட வாழ்வு என் எழுத்துக்கு வேறெங்கும் கிட்டவில்லை.

தீபாவளிக்கு முன் உரித்தல் தொடங்கும். சுடுநீரைத் துணியால் ஒற்றி, பசை ஊறும்வரை பொறுத்திருந்து, தேய்ந்த கவ்வாத்துக் கத்தியைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டுவோம். அவசரப்பட்டால் காரையும் கூடவே பெயரும். பசையை முற்றாகக் கழுவாவிடில் சுண்ணாம்பு சுவரில் ஊறாது. சில வாரங்களில் செதில் செதிலாக உதிரும். ஸ்காபரோவுக்கும் இவ்விதி பொருந்தும். ஆனால் அங்கே கழுவிய பின், கிழிந்த இடங்களுக்கு அடிப்பூச்சிட்டு மூடியே வர்ணம் பூச வேண்டும்.

நாங்கள் சுரண்டிய அந்தக் காம்பரா அதற்கு முந்திய ஆண்டு இந்தியா சென்ற குடும்பத்தினுடையது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. 1949இன் சட்டப்படி விண்ணப்பித்தோர் தொடர்ச்சியான வதிவைச் சான்றுகளால் நிறுவ வேண்டியிருந்தது. பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத லயங்களில் சான்றுக்கு எங்கே போவது? 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974இல்தான் சரிபாதியாகத் தீர்க்கப்பட்டது. அவர்களிடம் எவரும் விருப்பம் கேட்டு ஒப்பமிடவில்லை. தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச்சென்ற வண்டியை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றனர்.

நான்காம் அடுக்கோ ஐந்தாம் அடுக்கோ, காகிதம் பெயர்ந்தபோது சுவரில் பென்சில் எழுத்துகள் தெரிந்தன. மூன்று பிள்ளைகளின் பெயர்கள். பிறந்த நாள், மாதம், ஆண்டு. ஒன்றின் எதிரே சிலுவைபோல் ஒரு கோடு. அந்தக் குழந்தை இறந்துவிட்டது என்று அம்மா சொன்னார். அப்பா அந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு பூசாமல், மேலே ஒரு நாட்காட்டியை மாட்டினார்.

2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது செய்தி சேகரிக்கச் சென்றேன். உறவுகளைத் தேடியவர்கள் சிலர், சேற்றில் போன பிறப்புச் சான்றிதழ்களைப் பற்றியும் தயங்கித் தயங்கிக் கேட்டனர். சக நிருபர் ஒருவருக்கு அது விநோதமாகப்பட்டது. எனக்கு அந்த நாட்காட்டியே நினைவுக்கு வந்தது.

ஏனெனில், நாங்கள் குடியேறிய இரண்டாம் ஆண்டில் கூடலூரிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. பத்திரப் பெட்டி வழியில் தொலைந்துவிட்டது, மகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும், அடுப்புக்கு வலப்புறச் சுவரில் எழுதியிருந்தோம், இன்னும் இருக்கிறதா அண்ணே என்று. அப்பா நாட்காட்டியை எடுத்துவிட்டு விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பார்த்து எழுதினேன்.