நிலவறைக் கோயில்: அமெரிக்க இத்தாலியரின் கத்தோலிக்க இளமை பற்றிய ஒரு குறிப்பு

1880க்கும் 1920க்கும் இடையில் ஏறத்தாழ 40 இலட்சம் இத்தாலியர் ஐக்கிய அமெரிக்காவிற்கு வந்தனர். பெரும்பாலோர் தென்னித்தாலியிலும் சிசிலியிலும் வறிய விவசாயிகளாய் இருந்தோர். இவர்களது வருகையை அமெரிக்கக் கத்தோலிக்கத் திருச்சபை ‘இத்தாலியப் பிரச்சினை’ எனப் பெயரிட்டு விவாதித்தது. அங்கு உயர்பதவிகள் பெரும்பாலும் ஐரிஷ் வமிசத்தவர் வசமிருந்தன. ஞாயிறு தவறாப் பூசை, காணிக்கை, பங்குப் பாடசாலை என்பனவே அவர்களுக்கு விசுவாசத்தின் அளவுகோல்கள். தென்னித்தாலிய விவசாயியோ குருவானவரை நிலவுடைமையாளரின் பக்கத்திற் கண்டு பழகியவன். ஊர்ப் புனிதரும் மாதாவுமே அவனுக்கு உறவினர். இந்த வர்க்க அனுபவத்தை நோக்காதோர் அவனை அரை அஞ்ஞானி என்றனர்.

நியூயோர்க் நகரின் கிழக்கு ஹார்லெமில் 115ஆம் வீதியிலுள்ள கார்மேல் மாதா கோயில் இதற்குத் தக்க சான்றாகும். போல்லா என்னும் ஊரிலிருந்து வந்தோர் 1881இல் அங்கு மாதாவின் திருநாளைத் தொடங்கினர். 1884இற் கோயில் எழுந்தபோது பகல்வேலை முடித்த இத்தாலியர் இரவில் வந்து உழைத்தனர். எனினும் 1919 வரை அவர்கள் வழிபட்டது அதன் நிலவறையிலேயே. மேற்றளம் பிறருக்குரியதாயிருந்தது. ஆண்டுதோறும் ஜூலை 16ஆம் நாள் மட்டும் இவ்வொழுங்கு தலைகீழானது. மாதாவின் சுரூபம் தெருவுக்கு வந்தது. பெண்கள் வெறுங்காலுடன் பின்சென்றனர். நோயுற்ற உறுப்பின் வடிவில் வார்த்த மெழுகுருவங்கள் காணிக்கையாயின. கூலிக்கு உடலை விற்போர் அவ்வுடலின் உறுப்புகளையே மெழுகில் வார்த்துக் கொடுத்தமை ஈண்டு நோக்கத்தக்கது.

இச்சூழலில் வளர்ந்த பிள்ளை இரு கத்தோலிக்கங்களை ஒருங்கே கற்றது எனலாம். வேதபாடத்திற் கேட்டது ஒன்று. தாய் கண்ணூறு கழித்ததிலும் இறந்தோருடன் பேசியதிலும் கண்டது மற்றொன்று. கத்தோலிக்கம் ஒன்றல்ல, வர்க்கந்தோறும் வேறுபடும் பல சமயங்களின் தொகுதி என்று கிறாம்சி சிறைக்குறிப்புகளிற் கூறியது இங்கு கண்கூடு. சமயத்தை ‘அபின்’ என்ற ஒரு சொல்லால் முடித்துவிடும் நம்மவர் சிலர், அதே பந்தியில் மார்க்ஸ் அதனை ஒடுக்கப்பட்டோரின் பெருமூச்சாகவும் கண்டதை வசதியாக மறந்துவிடுகின்றனர்.

பியெற்றோ டி டொனாற்றோவின் ‘கொங்கிறீற்றில் கிறிஸ்து’ (1939) இப்பெருமூச்சைப் பதிவு செய்த நாவலாகும். ஆசிரியரின் தந்தை 1923ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று, கட்டடம் இடிந்து மாண்டார். பன்னிரண்டு வயது மகன் மேசன் வேலைக்குச் சென்றான். நாவலிலும் பெரிய வெள்ளியன்றே தந்தை கொங்கிறீற்றில் அமிழ்ந்து இறக்கிறான். உதவி கேட்டுச் சென்ற சிறுவனுக்குக் குருவானவர் மனையிற் கிடைப்பது ஒரு துண்டு கேக். நட்டஈட்டு அலுவலகத்தில் அதுவுங் கிடைப்பதில்லை. இறுதியில் மகன் சிலுவையை நொறுக்குகிறான். ஆனால் தாய் சாகுந்தறுவாயில் மற்றப் பிள்ளைகளை அவன் வழியிற் செல்லுமாறு பணிக்கிறாள். விசுவாசியான தாயே விசுவாசமிழந்தவனைக் குடும்பத்தின் தலைவனாக்கும் இக்காட்சியை வெறும் நாத்திகப் பிரசாரமாகக் கொள்ளல் இயலாது.

இளமையிலேயே பொதுவுடைமைக் கட்சியிற் சேர்ந்த டி டொனாற்றோ, 1960இல் குடிபெயர்ந்தோரின் புனிதையான அன்னை கப்ரினியின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். இதனைக் கொள்கைத் தளர்வு என்று கூறுவது எளிது. நாவலின் தாயை நினைவில் வைத்திருப்போர் அவ்வளவு விரைவில் அம்முடிவுக்கு வரார்.