தோலில் தெரியும் நிணநீர்ப் புற்றுநோய்

தடிப்பும் அரிப்பும் பெரும்பாலும் சாதாரணக் காரணங்களால் வருபவை. அரிதாகச் சிலருக்கு அவையே நிணநீர்ப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகின்றன. நோய் தோலிலேயே தொடங்கலாம். அல்லது உடலின் உள்ளே நிணநீர்க்கணுக்களில் தொடங்கி, தோலில் வெறும் அரிப்பாக மட்டும் தெரியலாம்.

தோலில் தொடங்குபவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது மைக்கோசிஸ் ஃபங்காய்ட்ஸ். டி அணுக்கள் எனப்படும் வெள்ளையணுக்கள் புற்றாக மாறித் தோலில் பெருகுவதால் இது உண்டாகிறது. பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையைச் சேர்ந்த அலிபேர், 1806இல் தாம் கண்ட ஒரு நோயாளியைக் கொண்டு இதை முதன்முதலில் விவரித்தார். கட்டிகள் காளான் வடிவில் இருந்ததால் இப்பெயர் அமைந்தது. இது பூஞ்சை நோயன்று, தொற்றுவதும் இல்லை.

இடுப்பு, பிட்டம், தொடை என வெயில் படாத இடங்களில் செதில் உதிரும் திட்டுகள் முதலில் தோன்றும். அவை ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கலாம். சிலருக்குத் தடித்த படைகளாகவும் பின்னர் கட்டிகளாகவும் மாறும். கரப்பான் என்றோ காளாஞ்சகப்படை என்றோ கருதி ஸ்டீராய்டு களிம்பு பூசினால் திட்டு சற்று மங்கும். நோய் கண்டறியப்படுவது தள்ளிப்போக அதுவே பெரிய காரணம். கருத்த தோலில் சிவப்பு எளிதில் புலப்படாது. நம் போன்ற நிறத்தவரிடம், குறிப்பாகச் சிறுவர்களிடமும் இளைஞர்களிடமும், வெளிறிய திட்டுகளாகவே இது வருவதுண்டு. அப்போது தேமல், வெண்புள்ளி, தொழுநோய் ஆகியவற்றோடு குழம்ப வாய்ப்பு அதிகம். இந்த வெளிறிய வகை பொதுவாக மெதுவாகவே வளரும்.

தோல் துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிதான் நோயை உறுதிசெய்யும் வழி. தொடக்க நிலையில் ஒரு சோதனையில் விடை கிடைக்காமல் போகலாம். சில மாத இடைவெளியில் மீண்டும் எடுப்பது வழக்கம். ஆறாத திட்டுக்கு இரண்டாம் முறை பயாப்ஸி கேட்பதில் தயக்கமே வேண்டாம். தொடக்க நிலைக்குக் களிம்புகளும் 311 நானோமீட்டர் அலைநீளப் புற ஊதா ஒளியும் போதுமானவை. நோய் தோலின் சிறு பரப்போடு நின்றுவிட்டவர்களின் ஆயுள் மற்றவர்களின் ஆயுளை ஒத்ததே.

இதற்கு நெருங்கிய உறவுடைய செசாரி நோய்க்குறி கடுமையானது. உடல் முழுதும் சிவந்து, உள்ளங்கையும் பாதமும் தடித்து வெடிக்கும். உறக்கத்தைப் பறிக்கும் அரிப்பு இருக்கும். இரத்தத்திலும் புற்றணுக்கள் காணப்படும்.

உள்ளே நிணநீர்க்கணுக்களில் தொடங்கும் வகையான ஹாட்ஜ்கின் நோயில் தோலில் தடிப்பே இல்லாமல் அரிப்பு வருவதுண்டு. கழுத்தில் நெறிகட்டுவதற்குப் பல மாதங்கள் முன்பே அது தொடங்கலாம். தோலில் தெரிபவை சொறிந்த தழும்புகள் மட்டுமே. வறண்ட தோல், சொறிசிரங்கு, கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு கோளாறுகள், இரும்புச்சத்துக் குறைவு ஆகியவை இதைவிட மிகப் பரவலான காரணங்கள். இருப்பினும் விளங்காத அரிப்புடன் காய்ச்சல், இரவில் உடை நனையும் வியர்வை, ஆறு மாதத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடை இழப்பு, வலியற்ற கட்டி ஆகியவற்றுள் ஏதேனும் சேர்ந்தால் இரத்தப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் தாமதமின்றித் தேவை. 1971ஆம் ஆண்டின் ஆன் ஆர்பர் வகைப்பாடு நோயின் நிலையைக் கணிக்கும் அறிகுறிகளிலிருந்து அரிப்பை நீக்கியது. நோயைக் கண்டறிவதில் அதன் மதிப்பு அதனால் குறைந்துவிடவில்லை. கீமோதெரபி தொடங்கியதும் இந்த அரிப்பு பெரும்பாலும் விரைவில் அடங்குகிறது. குணமானவருக்கு அதே அரிப்பு மீண்டும் வந்தால், நோய் திரும்பியிருக்கிறதா என்று மருத்துவர் சோதிப்பார்.