மூன்றாமிடத்துக்கு ஒரு மாதம் கழித்து



எழுவைதீவில் படிப்பிக்கும் நாங்கள், தவணை அறிக்கை கொடுக்கும் நாளில் பிள்ளைகளுக்கு ஒரு வரலாறு சொன்னோம். சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமாரின் வரலாறு. ஒரே வரிசையில் சக்கரம் பூட்டிய சப்பாத்தோடு விரையும் ஸ்கேட்டிங் வீரர் அவர். ஒலிம்பிக்கில் இடமில்லாத விளையாட்டு அது.

2021இல் கொலம்பியாவில் நடந்த கனிஷ்ட உலகப் போட்டியில் 15 கிலோமீற்றரில் வெள்ளி. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் 3000 மீற்றர் அஞ்சலில் மூன்று தோழர்களோடு வெண்கலம். 2025 ஆகஸ்டில் செங்டு உலக விளையாட்டு விழாவில் 1000 மீற்றரில் மீண்டும் வெண்கலம்.

அடுத்த மாதம் சீனாவின் பெய்தாய்ஹேயில் உலகச் சம்பியன் போட்டி. 500 மீற்றரில் இன்னொரு வெண்கலம். பிறகு 1000 மீற்றரை 1 நிமிடம் 24.924 செக்கனில் முடித்தார். தங்கம்! மூத்தோர் பிரிவில் உலகப் பட்டம் வென்ற முதல் இந்தியர் அவரே. அதே போட்டியில் 42 கிலோமீற்றர் மரதனிலும் தங்கம்.

சொல்லி முடிய ஒரு பிள்ளை கேட்டது: "சேர், மூன்றாவதா வந்தா அவருக்கு வீட்டில ஏசேல்லையோ?"

எங்களிடம் பதில் இல்லை. ஏசுகிறவர்களில் நாங்களும் இருக்கிறோம். பெற்றோரே, அந்த அறிக்கையில் கையெழுத்திட முன் பிள்ளையின் முகத்தை ஒருக்கால் பாருங்கள்.