இருட்டுப் பாதை – 9: அண்ணனைக் கண்டெடுத்தவரின் குறிப்பேடு

பிலடெல்பியா, 1850 ஆகஸ்ட். அடிமை ஒழிப்புச் சங்க அலுவலகத்தில் குமாஸ்தா வில்லியம் ஸ்டில் வாரப் பத்திரிகைப் பிரதிகளைத் தபாலுக்குக் கட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதை நெருங்கிய ஒரு கறுப்பரை அங்கே அழைத்துவந்தார்கள். பெயர் பீட்டர். அலபாமாவில் அடிமையாக உழைத்து, அரும்பாடுபட்டுச் சேர்த்த 500 டாலரால் தன்னைத்தானே மீட்டுக்கொண்டவர். சிறு வயதில் பிரிந்த பெற்றோரைத் தேடி வந்திருந்தார். ஊர் தெரியாது. நினைவில் இருந்த பெயர்கள்: அப்பா லெவின், அம்மா சிட்னி.

வில்லியமின் அப்பா பெயரும் லெவின்தான். அம்மாவின் பெயர் சாரிட்டி. ஆனால் மேரிலாந்திலிருந்து தப்பி வருவதற்கு முன் அவள் சிட்னி.

வில்லியம் உடனே சொல்லிவிடவில்லை. கேள்விமேல் கேள்வி கேட்டு உறுதிசெய்துகொண்டார். அந்தத் தாய் முதல்முறை நான்கு பிள்ளைகளோடும் ஓடிப் பிடிபட்டவள். இரண்டாம் முறை நான்கு பேரையும் கூட்டிக்கொண்டு தப்ப முடியாது என்று தெரிந்துவிட்டது. தூங்கிக்கொண்டிருந்த மகன்கள் இருவருக்கும் முத்தம் கொடுத்துவிட்டு, பெண் குழந்தைகளோடு மட்டும் புறப்பட்டாள். எட்டு வயது லெவினும் ஆறு வயது பீட்டரும் விற்கப்பட்டார்கள். மூத்தவர் அலபாமா மண்ணிலேயே இறந்துபோனார். வில்லியம் பிறந்ததோ வெகு காலம் கழித்து, 1821-ல், நியூ ஜெர்சியில். அண்ணனும் தம்பியும் முதன்முதலாக முகம் பார்த்துக்கொண்டது அந்த அலுவலகத்தில்தான்.

அடுத்த மாதமே, செப்டம்பரில், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் திருப்பி அனுப்பும் புதிய சட்டம் வந்தது. அடைக்கலம் கொடுத்தால் 1,000 டாலர் வரை அபராதம், 6 மாதம் வரை சிறை. பிடிபட்டவரை எஜமானனிடம் ஒப்படைக்கத் தீர்ப்பளித்தால் ஆணையருக்குக் கட்டணம் 10 டாலர். விடுவித்தால் 5 டாலர்தான். இப்படியொரு கேவலத்தைச் சட்டப் புத்தகத்திலேயே எழுதிவைத்திருந்தார்கள்.

பீட்டரின் மனைவி வினாவும் மூன்று பிள்ளைகளும் இன்னும் அலபாமாவில். 1851-ல் சேத் காங்க்ளின் என்ற வெள்ளையர் தனி ஆளாகப் போய், அவர்களைத் துடுப்புப் படகில் ஏற்றி இந்தியானா வரை கொண்டுவந்துவிட்டார். அங்கே மாட்டிக்கொண்டார்கள். காங்க்ளினின் உடல் விலங்கு பூட்டிய நிலையில் ஆற்றில் கிடைத்தது. நால்வரையும் விடுவிக்க எஜமானன் கேட்ட விலை 5,000 டாலர். பீட்டர் வடக்கே ஊர் ஊராகப் போய்த் தன் கதையைச் சொல்லி, அந்தத் தொகையைத் திரட்டி, 1854 இறுதியில் குடும்பத்தை மீட்டார்.

அடிமைகள் தப்பிச் செல்ல உதவிய 'நிலத்தடி ரயில் பாதை' என்ற ரகசிய வலையில் எழுத்தைப் போல ஆபத்தான பொருள் வேறில்லை. ஒரு தாள் சிக்கினால் போதும், அதிலுள்ள அத்தனை பேரும் அகப்படுவார்கள். ஸ்டில் எழுதினார். 1852 டிசம்பரில், தப்பி வருகிறவர்களுக்கு உதவும் குழுவின் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. வந்தவர்களை உட்காரவைத்துக் கேட்டார்: பெயர், வயது, யாருடைய அடிமை, யாரை விட்டுவிட்டு வந்தாய், இனி என்ன பெயர்? கடைசி இரண்டு கேள்விகளில்தான் பீட்டரைப் பார்க்கிறேன். அம்மா தன் பழைய பெயரை வீட்டில் சொல்லாமலே இருந்திருந்தால், அன்று வில்லியம் இன்னொரு பயணியை அனுதாபத்தோடு வழியனுப்பியிருப்பார், அவ்வளவுதான்.

அந்த ஏடுகளை ஒரு கல்லறைத் தோட்டக் கட்டடத்தின் பரணில் ஒளித்துவைத்தார். அடிமை முறை ஒழிந்த பிறகு, 1872-ல், புத்தகமாக வெளியிட்டார்.

செலவுக் கணக்கு, தந்தி, கடிதம் என எதையும் அவர் தூக்கிப்போடவில்லை. 1854 டிசம்பர் 29 தேதியிட்ட ஒரு கடிதம், வில்மிங்டன் இரும்பு வியாபாரி தாமஸ் காரெட் எழுதியது. அடிமைகளைத் தப்பவைத்து வழிநடத்திய ஹாரியட் டப்மன் ஆறு ஆண்களையும் ஒரு பெண்ணையும் அழைத்து வந்திருக்கிறாராம். நடந்த நடையில் ஹாரியட்டுக்கும் உடன்வந்த ஒருவருக்கும் காலணிகள் தேய்ந்து காலைவிட்டே போய்விட்டனவாம். அதற்காக இரண்டு டாலர் கொடுத்திருக்கிறார் காரெட்.

(தொடரும்)